கம்பளையில் இருந்து வந்த ‘பஞ்சாபி’



சென்ற மாத ஞாயிறு இரவு நிகழ்ச்சியில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விடயங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அல்பேர்ட் மோசஸ் என்று பெயரைச் சொன்னால் உங்களில் பலர் ‘ஆர் அது?’ என்று கேட்பீர்கள். ‘மைண்ட் யுவர் லாங்வேஜ்’ என்று சொன்னாலோ எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் அந்த முகம் வந்துவிடும். தலைப்பாகையும் தாடியுமாக, ஆசிரியர் வாயைத் திறக்கும் முன்னரே ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்டுவிடும் ரஞ்சித் சிங். அந்த ரஞ்சித் சிங்காக நடித்தவர் பஞ்சாப்காரர் அல்லர். கண்டிக்குத் தெற்கே, மகாவலிக் கரையில் இருக்கும் கம்பளையில் 1937 டிசம்பர் 19 ஆம் திகதி பிறந்த இலங்கையர். 2017 செப்ரெம்பர் 15 ஆம் திகதி லண்டனில், தனது 79 ஆவது வயதில் அவர் காலமான செய்தியைப் படித்தபோதுதான் எனக்கே அது தெரியவந்தது. கம்பளை என்ற ஊர்ப்பெயரை இரண்டு முறை வாசித்தேன்.

கம்பளையைப் பற்றி அறியாத இளையவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. பதினான்காம் நூற்றாண்டில் சிங்கள மன்னர்களின் தலைநகராக இருந்த ஊர் அது. பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே கடைத்தெருவைப் பாவிக்கும் சந்தை நகரமாயிற்று. இப்படிப்பட்ட ஊரில் வளரும் பிள்ளைக்கு மற்றவன் எப்படிக் கதைக்கிறான், எப்படிக் கையை ஆட்டுகிறான் என்று பார்த்துப் பழகப் பள்ளிக்கூடம் தேவையில்லை. இது என் ஊகம்தான். ஆனால் மலைநாட்டு நகரங்களில் வாழ்ந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

மோசஸ் நேரே லண்டனுக்குப் போனவர் அல்லர். 1960களில் இந்தியாவுக்குப் போய் பம்பாய்ப் படங்களில் நடித்தார். அங்கேயே படம் தயாரித்து இயக்கவும் செய்தார். அதன்பின் ஆபிரிக்கா சென்று ஆவணப்பட வேலைகளில் ஈடுபட்டார். 1970களின் தொடக்கத்தில்தான் பிரித்தானியத் தொலைக்காட்சியில் சின்னச் சின்ன வேடங்கள் கிடைக்கத் தொடங்கின. கொழும்பு, பம்பாய், நைரோபி, லண்டன் என்று பேரரசின் பழைய கப்பற்பாதையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போன அந்தத் தலைமுறைக்காரர்களை எங்கள் குடும்பங்களிலும் பார்க்கலாம். அவர்கள் கணக்குப்புத்தகத்தோடும் ஸ்டெதஸ்கோப்போடும் போனார்கள். இவர் நடிப்பைக் கொண்டு போனார்.

அவர் போய்ச் சேர்ந்த பிரித்தானியா எப்படி இருந்தது? 1968 ஏப்ரலில் ஈனக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சின் சூடு ஆறவில்லை. 1972 இல் இடி அமீன் துரத்திய உகண்டா ஆசியர்கள் ஏறத்தாழ 28,000 பேர் வந்து இறங்கினார்கள். 1977 ஓகஸ்டில் லண்டன் லூயிஷம் பகுதியில் நஷனல் ஃபுரண்ட் என்ற வெள்ளை இனவாதக் கட்சி ஊர்வலம் போக, எதிர்த்து மக்கள் திரள, தெருவே போர்க்களமாயிற்று. வேலை தேடி வந்த மண்ணிற நடிகர் ஒருவருக்குத் தொலைக்காட்சியில் இருந்த இடமும் அதற்கேற்ற அளவுதான். 1969 இல் ‘கறி அண்ட் சிப்ஸ்’ என்ற தொடரில் ஸ்பைக் மில்லிகன் என்ற வெள்ளை நடிகர் முகத்துக்கு மண்ணிறம் பூசிக்கொண்டு பாகிஸ்தான் வம்சத்தவராக நடித்தார். 1974 இல் பி.பி.சி. தொடங்கிய ‘இட் ஏயிண்ட் ஹாஃப் ஹொட் மம்’ தொடரில் முக்கியமான இந்தியப் பாத்திரமான ரங்கி ராமுக்கும் மைக்கல் பேற்ஸ் என்ற ஆங்கிலேயர்தான் சாயம் பூசி வந்தார். எங்கள் நிறத்தையே வெள்ளைக்காரர் பூசிக்கொள்ளும்போது அந்த நிறத்தில் பிறந்தவனுக்கு மிஞ்சுவது என்ன? கதவு திறந்துவிடும் ஆள், பானம் ஊற்றும் ஆள், இரண்டு வசனம்.

கணக்காளன் என்பதால் எனக்குப் பட்டியல் போட்டுப் பார்க்கும் பழக்கம். மோசஸின் வேடங்களையும் அப்படிப் போட்டுப் பார்த்தேன். 1975 இல் ஜோன் ஹியூஸ்டன் இயக்கி, ஷோன் கொனரியும் மைக்கல் கெயினும் நடித்த ‘த மான் ஹூ வுட் பி கிங்’ படத்தில் குலாம். 1977 இல் ஜேம்ஸ் பொண்ட் படமான ‘த ஸ்பை ஹூ லவ்ட் மீ’யில் மதுச்சாலைப் பணியாளர். 1981 இல் ‘அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ படத்தில் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர். 1983 இல் மீண்டும் பொண்ட் படம், ‘ஒக்டோபஸி’. அதில் சதருத்தீன் என்ற பெயரில், இந்தியாவில் இருக்கும் பிரித்தானிய உளவுப் பிரிவின் ஆள். 1984 இல் கிரனாடா தயாரித்த ‘த ஜுவல் இன் த கிரவுன்’ தொடரில் சுலைமான். 1999 இல் ஓம் பூரி நடித்த ‘ஈஸ்ற் இஸ் ஈஸ்ற்’ படத்தில் அப்துல் கரீம். குலாம், சதருத்தீன், சுலைமான், அப்துல் கரீம். பெயரிலேயே மோசஸ் என்று விவிலியத்தைச் சுமந்த ஒரு மனிதருக்கு வரிசையாக வந்த பெயர்கள் இவை. நான் பார்த்த வேடங்களில் ஒன்றிலேனும் அவர் இலங்கையராக வரவில்லை.

‘ஒக்டோபஸி’ பற்றி ஒரு இடைச்செருகல். உதயப்பூரில் எடுத்த அந்தப் படத்தில் சதருத்தீனுடன் கூட வரும் உதவியாளர் வேறு யாருமில்லை, சென்னை டெனிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். கம்பளைக்காரரும் சென்னைக்காரரும் சேர்ந்து ஜேம்ஸ் பொண்டை ராஜஸ்தானில் வரவேற்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தப் படத்தைப் பார்த்தபோது நாங்கள் அமிர்தராஜுக்கு மட்டும் கைதட்டினோம். மற்ற மனிதர் எங்கள் தீவுக்காரர் என்று சொல்ல அங்கே ஆள் இருக்கவில்லை.

இனி ‘மைண்ட் யுவர் லாங்வேஜ்’. வின்ஸ் பவல் எழுதி, லண்டன் வீக்எண்ட் தொலைக்காட்சி தயாரித்த இத்தொடர் 1977 டிசம்பர் 30 ஆம் திகதி ஆரம்பமானது. 1979 முடியும் வரை 29 பகுதிகள் ஓடின. இடம், லண்டனில் வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் ஒரு மாலை வகுப்பு. ஆசிரியர் ஜெரமி பிரவுணாக பரி எவன்ஸ். முதல் வகுப்பில் பத்து மாணவர்கள். ஒவ்வொருவரும் ஆங்கிலத்தை ஒவ்வொரு விதமாகக் கொலை செய்வார்கள். இத்தாலியனுக்கு எல்லாம் சமையல், ஜப்பானியனுக்குச் சொல்லுக்குச் சொல் தலை வணக்கம், சீனப் பெண்ணின் கையில் மாவோவின் சிவப்புப் புத்தகம், பிரெஞ்சுப் பெண்ணைப் பார்த்தால் மற்ற ஆண்களுக்கு வாய்பிளப்பு. ரஞ்சித் சிங்கும் பாகிஸ்தான் முஸ்லிமான அலி நதீமும் வகுப்பில் ஓயாமல் முட்டிக்கொள்வார்கள்.

அந்த நடிகர்கள் உண்மையில் எங்கே பிறந்தவர்கள் என்று பாருங்கள். அலி நதீமாக வந்த டினோ ஷபீக் டாக்காவில் பிறந்தவர். கிரேக்கராக வந்த கெவோர்க் மாலிக்கியன் துருக்கியில் பிறந்த ஆர்மேனியர். பிரெஞ்சுப் பெண்ணாக வந்த ஃபிரான்சுவா பஸ்கால் மொரீசியஸில் பிறந்தவர். மாவோவின் சீனத்துப் பெண்ணாக வந்த பிக்-சென் லிம் மலேசியாவின் பினாங்கைச் சேர்ந்தவர். ஸ்பானியராக வந்த ரிக்கார்டோ மொன்டெஸ் ஜிப்ரால்ற்றர்காரர். பஞ்சாபியாக வந்தவர் கம்பளை. சிம்லாவில் பிறந்து இந்தியப் பெண்ணாகவே வந்த ஜமீலா மாஸி போன்ற ஒரு சிலரை விட்டுவிட்டால் தன் சொந்த ஊரை நடித்தவரைத் தேடத்தான் வேண்டும். முகவெட்டு ஏறக்குறையப் பொருந்தினால் போதும், பிறகு குரலை ஒப்பனைக்காரர் போலப் பூசிக்கொள் என்பதுதான் ஏற்பாடு. ஆங்கிலேயப் பார்வையாளருக்கு வித்தியாசம் தெரியவும் இல்லை, தெரியவேண்டிய தேவையும் இல்லை. அந்த நாட்களில் லண்டன் தெருவில் எங்கள் ஆட்களைத் திட்டுகிறவன் ‘பாக்கி’ என்றுதான் திட்டினான். கராச்சியா காரைநகரா என்று விசாரித்துவிட்டுத் திட்டவில்லை. தெருவில் நடந்ததும் நடிகர் தேர்வில் நடந்ததும் ஒரே காரியம்தான் என்பது என் எண்ணம். ஒன்றில் கல் விழுந்தது, மற்றதில் சம்பளம் கிடைத்தது.

இப்போது உங்களுக்கு என்மேல் கோபம் வரலாம். ‘நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோமே, அதைப் போய்க் குற்றம் சொல்கிறாயா?’ என்று நிகழ்ச்சி முடிந்ததும் தொலைபேசியில் ஒரு அக்கா கேட்டார். நானும் சிரித்தவன்தான். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஆரம்பித்தாலும் எங்கள் வீட்டுப் பக்கம் இந்தத் தொடர் வந்தது வீடியோ கசெற்றில். லண்டனில் இருந்து வந்த ஒருவர் கொண்டுவந்தது, கை மாறிக் கை மாறிப் படம் கோடு கோடாய்ப் போகும் வரை ஊர் முழுக்கச் சுற்றியது. வாடகைக்கு ரி.வி.யும் டெக்கும் எடுத்து, ஜெனறேற்றர் போட்டு, இரவிரவாக எம்.ஜி.ஆர். படம் இரண்டு, சிவாஜி படம் ஒன்று, நடுவில் இது. ஆங்கிலம் விளங்காத என் அம்மாவும் சிரித்தா. எங்களைப் போன்ற முகம் ஒன்று ஆங்கிலப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறதே என்பதே அன்றைக்கு எங்களுக்குப் பெரிய விடயம்.

அதே தொடரை எங்கள் ஊரிலிருந்து பார்ப்பதற்கும் இங்கிலாந்தில் இருந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் காட்டியவர் ஒரு சீக்கிய நண்பர். குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் பக்கத்தில் கிளென்வூட்டில் சீக்கியரின் குருத்துவாரா இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் வசிக்கும் இவருக்கு நான் வருடா வருடம் வரிப்பத்திரம் நிரப்பிக் கொடுப்பவன். இங்கிலாந்தில் வளர்ந்து பின்னர் சிட்னி வந்தவர். ஒருநாள் கதையோடு கதையாக நான் இந்தத் தொடரைப் புகழ்ந்தேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: பள்ளிக்கூடத்தில் தனக்கு மூன்று வருடம் பெயரே ரஞ்சித் சிங்தானாம். சனிக்கிழமை காலை விளையாட்டுத் திடலுக்குப் போனால் பெடியன்கள் கையைக் கூப்பிக்கொண்டு மன்னிப்புக் கேட்பார்களாம். அதற்குப் பிறகு தலைப்பாகையில் கை வைப்பார்களாம். அவர் கோபமாகச் சொல்லவில்லை. வரிக்கழிவுத் துண்டுகளை எண்ணிக்கொண்டே சொன்னார். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்த சிரிப்பின் விலையை எங்கோ ஒரு பத்து வயதுப் பிள்ளை கட்டியிருக்கிறது.

ஆகவேதான், 1979 இல் மைக்கல் கிறேட் என்ற லண்டன் வீக்எண்ட் அதிகாரி, இனங்களை அச்சில் வார்த்துக் கேலி செய்கிறது என்று சொல்லி இத்தொடரை நிறுத்தியது சரியென்றே நான் நினைக்கிறேன். அப்போது அதற்குப் பார்வையாளர் கூட்டம் குறைந்திருக்கவில்லை. ஆனாலும் முழுக்க நிறுத்த முடியவில்லை பாருங்கள். வெளிநாடுகளில் கேள்வி இருந்தபடியால் 1980களின் நடுப்பகுதியில் வேறு தயாரிப்பாளர்கள் 13 பகுதிகளைப் புதிதாக எடுத்தார்கள். மோசஸ் மீண்டும் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார். டினோ ஷபீக் 1984 இலேயே மாரடைப்பால் இறந்துவிட்டார். ஆசிரியராக நடித்த பரி எவன்ஸும் பின்னாளில் வாய்ப்பில்லாமல் ராக்சி ஓட்டி, 1997 இல் இறந்து போனார். வெள்ளை நிறமும் அவரைக் காப்பாற்றவில்லை.

மோசஸை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் அந்த வேடத்தை மறுத்திருந்தால் அடுத்த நாள் இன்னொருவர் கட்டியிருப்பார், அல்லது யாராவது மைக்கல் பேற்ஸ் சாயத்தோடு வந்திருப்பார். கிடைத்த வசனத்தை அவர் எப்படிச் செய்தார் என்று இப்போது மறுபடி பார்க்கும்போது ஒன்று கவனித்தேன். மற்றவர்கள் சத்தம் போடும் இடங்களில் அவர் சத்தத்தைக் குறைப்பார். பிழையான பதிலைச் சொல்லும்போதும் ஒரு பெரியமனிதனின் நிதானம் இருக்கும். எழுதியவர் தந்தது ஒரு கோமாளி. இவர் அதற்குள் கொஞ்சம் மரியாதையைக் கடத்தி வைத்தார்.

இந்த வகுப்பறைக் கதை எங்களுக்கு வேறு விதத்திலும் நெருக்கமானது. ஜெரமி பிரவுணின் முதல் வகுப்பில் சமையற்காரர், மதுச்சாலைக்காரர், பிள்ளை பார்க்க வந்த பெண், தூதரகத்தில் வேலை செய்பவர் எல்லாம் உண்டு. உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர் ஒருவரும் இல்லை. அந்த மாணவர்கள் பின்னால்தான் வந்தார்கள். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழ் அகதிகள், உடுப்பைக் கழற்றி உள்ளாடையோடு நின்று அந்த விமானத்தை மறித்தார்கள். அதே ஆண்டில், உரிய பத்திரமில்லாதவர்களை ஏற்றி வரும் விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை பிரித்தானியா கொண்டுவந்தது. அதையும் மீறி நுழைந்தவர்கள் ஏதோவொரு மாலை வகுப்பில் வாங்கில் இருந்திருப்பார்கள். அவர்களை வைத்து ஒருவரும் பகிடித் தொடர் எடுக்கவில்லை.

அவுஸ்திரேலியாவில் அந்த வகுப்புக்கு ஏ.எம்.ஈ.பி. என்று பெயர். 1948 இல் ஐரோப்பிய அகதிகளுக்காக ஆரம்பித்தது. நாங்கள் வந்த காலத்தில் ஆளுக்கு 510 மணித்தியாலம் என்று கணக்கு. 2021 இல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். என் அப்பா ஊரில் தபாலதிபராக இருந்தவர். ஆங்கிலத்தில் மனு எழுதுவதென்றால் அயலட்டை எல்லாம் அவரிடம்தான் வரும். இங்கே பஸ் சாரதி சொல்வது ஒரு சொல்லும் பிடிபடாமல், 66 வயதில் பிளாக்டவுனில் வகுப்புக்குப் போனார். பொஸ்னியர், அசிரியர், வியட்நாமியர், சூடானியர் என்று நிறைந்த வகுப்பு. முதல் கிழமை வந்ததும் நான், ‘என்னப்பா, மைண்ட் யுவர் லாங்வேஜ் மாதிரியோ?’ என்று கேட்டேன். அவர் சேட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு, ‘இல்லைத் தம்பி, அங்க ஒருத்தரும் சிரிக்கிறேல்லை. பக்கத்தில இருக்கிற மனிசன் சரயேவோவில இஞ்சினியர். பாவம், பாண் வாங்கிற வசனம் பாடமாக்கிக்கொண்டிருக்குது’ என்றார்.

நிலைமை மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. 1996 இல் பி.பி.சி. வானொலியில் ஆரம்பித்து 1998 இல் தொலைக்காட்சிக்குப் போன ‘குட்னஸ் கிரேஷஸ் மீ’யில் சஞ்சீவ் பாஸ்கரும் மீரா சயலும் தங்களுடைய பகிடியைத் தாங்களே எழுதினார்கள். ஆங்கிலேயர் இந்திய உணவகத்தில் செய்யும் அட்டகாசத்தைத் திருப்பிப் போட்டு, இந்தியர்கள் ஆங்கில உணவகம் ஒன்றுக்குள் புகுந்து அட்டகாசம் செய்வதாகக் காட்டினார்கள். (முதலில் வானொலி என்பதைக் கவனியுங்கள், எங்களுக்கும் கொஞ்சம் பெருமை வேண்டாமா!) 2022 மார்ச்சில் ‘பிரிஜேர்ட்டன்’ இரண்டாம் பருவம் வந்தபோது, தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த சிமோன் ஆஷ்லியும் சரித்திரா சந்திரனும் அக்கா தங்கையாக, பிரபுக்கள் வீட்டு நாயகிகளாக வந்தார்கள். என் மகள், ‘அப்பா, ஓடி வாங்கோ, அவ அப்பா எண்டு சொல்லுறா’ என்று கூப்பிட்டாள். உண்மைதான், ‘அப்பா’ என்கிறார்கள். அதே வாயால் அக்காவை இந்தியில் ‘தீதி’ என்றும் தங்கையை வங்காளத்தில் ‘போன்’ என்றும் அழைக்கிறார்கள். குடும்பப் பெயர் ஷர்மா. தலைப்பாகை போய்ப் பட்டுச்சட்டை வந்திருக்கிறது, கலவை அப்படியே இருக்கிறது. ஆனால் எண்ணெய் வைத்துத் தங்கைக்கு அக்கா தலை தடவிவிடும் கைக்குப் பெயர் எதுவானாலும் என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் சிட்னிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1970களில் இங்கு வந்த ஏர்னஸ்ற் மக்கின்ரயர் 1981 இலேயே ‘லெட்ஸ் கிவ் தெம் கறி’ என்று ஒரு நகைச்சுவை நாடகம் எழுதி, இங்குள்ள இலங்கைக் குடும்பம் ஒன்றை மேடையேற்றினார். 2019 ஜனவரியில் எஸ். சக்திதரனின் ‘கவுன்டிங் அண்ட் கிராக்கிங்’ சிட்னி நகர மண்டபத்தில் நடந்தபோது, மேடையில் தமிழில் பேசியதை இன்னொரு நடிகர் அங்கேயே ஆங்கிலத்தில் சொல்ல, வெள்ளைக்காரர்கள் காத்திருந்து கேட்டார்கள்.

எங்கள் நிலையத்தின் இளையோர் நிகழ்ச்சியில் குரல் கொடுக்கும் பிள்ளைகளில் ஒருவர் நடிப்புப் படிக்கிறார். வெஸ்ட்மீட்டில் பிறந்து குவேக்கர்ஸ் ஹில்லில் வளர்ந்தவர். அண்மையில் ஒரு விளம்பரத்துக்கான நடிகர் தேர்வில், மருந்துக்கடைக்காரி வேடம். வாசித்து முடித்ததும், ‘கொஞ்சம் இந்திய உச்சரிப்போடு செய்ய முடியுமா?’ என்று கேட்டார்களாம். ‘எந்த ஊர் உச்சரிப்பு?’ என்று இவர் கேட்டிருக்கிறார். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்களாம். பிறகு இவர் தன் பருத்தித்துறை அப்பம்மா ஆங்கிலம் பேசும் விதத்தில் ஒருமுறையும், தன் சொந்தக் குரலில் ஒருமுறையும் செய்து காட்டினாராம். வேடம் கிடைத்திருக்கிறது. எந்தக் குரலில் என்று விளம்பரம் வரும்போது கேளுங்கள்.